குத்தகைக்கு ஒரு வேளைச் சோறு

வடக்கே கோயமுத்தூர், கிழக்கே பழனி. இந்த இரண்டையும் தாண்டிக் குப்பண்ணன் சித்தப்பா போனதில்லை. ஆனால் மூன்று தேசத்துச் சோற்றைச் சாப்பிட்டிருக்கிறார். ஓட்டல் சோறு இல்லை, வீட்டில் ஆக்குகிற சோறு. அதைப்பற்றி யாராவது கேட்டால் ஒரு மணி நேரம் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

அவர் என் அப்பாவின் சித்தப்பா மகன். பாலக்காட்டுச் சீமையில் கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே ஏழு ஏக்கர் வயல், வரப்போரம் பத்துப் பதினைந்து மாமரம், தோட்டத்துச் சாளை வீட்டிலேயே குடியிருப்பு. சாப்பாட்டுப் பிரியர் என்றதும் தொப்பையை நினைத்துக்கொள்ள வேண்டாம். மூங்கில் கழிக்குச் சட்டை போட்டமாதிரி இருப்பார். அளவாகத்தான் சாப்பிடுவார். வாயில் முதல் கவளம் போனதும் கண்ணை மூடிக்கொள்வார். கோயிலில் சாமி கும்பிடும்போதுகூட அவர் கண்ணை மூடி நான் பார்த்ததில்லை.

ஓட்டல் சோறு அவருக்கு ஆகாது. "காசு குடுக்கறவன் யாருன்னு தெரியாம ஆக்கற சோத்துல என்ன இருக்கும்? ஊட்டுல ஆக்கறவ, இன்னாரு சாப்பிடப் போறாருன்னு நெனச்சுக்கிட்டு உப்புப் போடறா. அதுதான் ருசி" என்பார். புதிதாக யாரைச் சந்தித்தாலும் ஊர், பேர் விசாரித்த கையோடு இன்னொன்றும் கேட்பார்: "காய்ச்சல் வந்து படுத்தா உங்கம்மா என்ன ஆக்கிக் குடுப்பாங்க?" அப்படிக் கேட்டால்தான் ஒரு வீட்டின் உண்மையான சமையல் தெரியும் என்பது அவர் கணக்கு. பஸ் கண்டக்டரிடம் கேட்டிருக்கிறார். அளவெடுக்க வந்த வில்லேஜ் ஆபீசரிடமும் கேட்டிருக்கிறார்.

1973இல் நான் சித்தூர்க் கல்லூரியில் பி.ஏ. முடித்துவிட்டு ஊரில் இருந்தேன். எங்கள் வகையறாவில் பட்டம் வாங்கிய முதல் ஆள். பாலக்காட்டு எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பெயரைப் பதிந்தாயிற்று. அதற்கப்புறம் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை, எனக்குச் சொல்லவும் யாருக்கும் தெரியவில்லை. வயலில் இறங்கினால், "படிச்ச புள்ள எதுக்கு?" என்பார்கள். வீட்டில் உட்கார்ந்தால், "படிச்சு என்ன?" என்பார்கள். பெரும்பாலும் சித்தப்பாவின் சாளையில் பொழுது போயிற்று. அங்கே இரண்டையும் கேட்க மாட்டார்கள். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பார்கள்.

அந்த வருஷம் புரட்டாசியில் கிராமசேவகர் அமிர்தநாதன் ஒரு பேராசிரியரையும் மூன்று மாணவர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். கோயமுத்தூரில் விவசாயம் படிக்க வெளிநாட்டிலிருந்து வந்த பையன்கள். கார்த்திகை பிறந்தால் எங்கள் பக்கம் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று கிளம்பும். கதிர் பிடித்த நெல்லைப் பாய் விரித்தமாதிரி படுக்க வைத்துவிடும். அந்தக் காற்றுக்குச் சாயாத குட்டை நெல் எது என்று பார்ப்பது அவர்கள் படிப்பு. அதற்கு அரை ஏக்கர் வேண்டும். சித்தப்பாவின் கிழக்கு வயல்தான் காற்று நேராக வந்து மோதும் இடம்.

"குத்தகை எத்தன வேணும், குப்பண்ணா?" என்று அமிர்தநாதன் கேட்டார்.

"அது கிடக்கட்டுமுங்க. இந்தப் பசங்க எந்தெந்த ஊரு?"

இத்ரிஸ் சூடான். ரமோன் பிலிப்பைன்ஸ். தெஸ்ஃபாயே எத்தியோப்பியா. மூன்று பெயரையும் சித்தப்பா ஒருதரம் மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"சனிக்கிழமை சனிக்கிழமை வந்து நெல்லைப் பாப்பாங்கன்னு சொன்னீங்கல்ல. நாத்து வேர் பிடிச்சதுக்கப்புறம், வாரத்துக்கு ஒருத்தரு அவங்க ஊட்டுச் சோறு ஒரு வேளை எங்கூட்டுல ஆக்கிப் போடட்டும். அதுதான் குத்தகை. காசு வேண்டாமுங்க."

பேராசிரியர், தான் சரியாகத்தான் கேட்டோமா என்று அமிர்தநாதனை இரண்டுமுறை கேட்டார். மூன்று பையன்களுக்கும் விஷயம் போய்ச் சேர்ந்ததும் ரமோன் வாய்விட்டுச் சிரித்தான். விடுதிச் சாம்பாரிலிருந்து தப்ப அவனுக்கும் ஒரு வழி வேண்டியிருந்தது.

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "டேய் சாமி, நீ பி.ஏ. அவங்க சொல்றதை எனக்குச் சொல்லோணும், நான் சொல்றதை அவங்களுக்குச் சொல்லோணும். உனக்கும் ஒரு வேலையாச்சு."

என் முதல் வேலை அதுதான். பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்களை ஆங்கிலத்தில் நான்கு பக்கம் எழுத என்னால் முடியும். "கொஞ்சம் அடுப்பைத் தணிச்சு வை" என்பதை ஆங்கிலத்தில் சொல்ல வாய் வரவில்லை. மூன்று வருஷம் எதைத்தான் படித்தேன் என்று அன்றைக்கு முதல்முறையாகக் கேட்டுக்கொண்டேன்.

ஐப்பசிக் கடைசிச் சனிக்கிழமை இத்ரிஸ் ஆக்கினான். அவன் ஊர்ப் பயறு இங்கே இல்லை என்பதால் மொச்சையை ஊறவைத்து, குழையும்வரை வேகவிட்டு, பாதியை மசித்து, மேலே நல்லெண்ணெய், பச்சை வெங்காயம், எலுமிச்சம்பழம், வறுத்த சீரகம். அவ்வளவுதான். சித்தப்பா முதல் வாய் வைத்துக் கண்ணை மூடினார். இத்ரிஸ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லெண்ணெய் தெரிஞ்ச ஊரு" என்றார் சித்தப்பா. "காய்ச்சலுக்கு என்னன்னு கேளு."

கேட்டேன். சோளமாவைப் புளிக்கவைத்துக் காய்ச்சிய கூழ் என்றான். சித்தப்பா உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தேவிட்டார். "நாச்சா, கேட்டியா? சோளக்கூழ். இவன் நம்மாளு." நாச்சம்மாள் சின்னம்மா அடுக்களையிலிருந்தே, "கூழு குடிக்கவா கப்பலேறி வந்தான்?" என்றார். ஆனால் இத்ரிஸுக்கு இலையில் இரண்டாவது ஒப்புட்டுப் போளி வைத்தது சின்னம்மாதான்.

அடுத்த சனிக்கிழமை ரமோன் முறை. அன்றைக்குத்தான் எல்லாம் கெட்டது. கெடுத்தவன் நான்.

அன்று காலையில் சின்னம்மாவின் அண்ணன் ஈஸ்வரமூர்த்தி மாமா வேலந்தாவளத்திலிருந்து வந்திருந்தார். சித்தப்பாவின் கடைக்குட்டிப் பையனுக்குக் காது குத்த நாள் குறிக்க வேண்டும். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும், சீரும் மாமன்தான் செய்ய வேண்டும். மாமா கார்த்திகை முதல் தேதியே பழனிக்கு மாலை போட்டிருந்தார். மற்றவர்கள் தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் என்றால் அவருக்கு எண்பது நாள். அதைச் சொல்லாமல் அவரால் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க முடியாது.

ரமோன் தேங்காய்ப் பாலில் வெல்லம் கரைத்து, அரிசிமாவைக் கோலிக்குண்டு அளவுக்கு உருட்டிப் போட்டு, வாழைப்பழம், சர்க்கரைவள்ளிக்கிழங்கு எல்லாம் அரிந்து சேர்த்து ஒரு இனிப்புக் கஞ்சி வைத்தான். அதற்குப் பெரிய சட்டி வேண்டும் என்றான். "நல்ல வாயகலமான சட்டி ஒண்ணு எடுத்துட்டு வாடா" என்றார் சித்தப்பா. நான் போய் எடுத்து வந்து உள்ளடுப்பில் வைத்தேன்.

ரமோன் தூக்கில் ஊற்றிக் கொடுத்ததிலிருந்து சின்னம்மா அண்ணனுக்கு ஒரு டம்ளர் கொடுத்தார். மாமா உதட்டில் படாமல் தூக்கி ஊற்றிக்கொண்டார்.

"பாயசமாட்ட இருக்குது. ஆனா பாயசமில்லே" என்றார். பிறகு டம்ளரை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் ஊத்து, ஆத்தா."

ரமோனுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் நீட்டிய டம்ளர் புரிந்தது. முகமெல்லாம் பல்லாக நின்றான். மாமா இரண்டாவதையும் குடித்து முடிக்கும் நேரத்தில், சட்டியைக் கழுவ உள்ளே போன சின்னம்மாவின் குரல் கேட்டது. சத்தமில்லாத குரல்.

"இந்தச் சட்டி எப்படி உள்ள வந்துச்சு?"

எங்கள் வீடுகளில் கறி உள்ளடுப்பில் வேகாது. மாடு கட்டும் கட்டுத்தரைப் பக்கம் தாழ்வாரத்தில் அதற்குத் தனி அடுப்பு, தனிச் சட்டி. கவுச்சிச் சட்டி என்றே பெயர். வெளியே கவிழ்த்து வைத்திருப்பார்கள், அது வாசற்படி தாண்டாது. நாலு வயசுக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் பிறந்து வளர்ந்ததே அப்படிப்பட்ட வீட்டில். ஆனால் அன்று தாழ்வாரத்தில் வாயகலமான சட்டியைப் பார்த்தபோது எனக்குச் சட்டி மட்டும்தான் தெரிந்தது. விடுதியில் இருந்த மூன்று வருஷத்தில் மறந்துபோனதா, அல்லது முன்பும் இதையெல்லாம் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று கவனிக்காமலே இருந்தேனா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். நேராகக் கிணற்றடிக்குப் போய் வேட்டி சட்டையோடு நான்கு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார். ஈரம் சொட்டச் சொட்ட, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், பஸ் ரோட்டைப் பார்த்து நடந்தார்.

ரமோன் என் கையைப் பிடித்தான். "அவ்வளவு மோசமாகவா இருக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். "ரொம்ப நன்றாக இருக்கிறது, அதுதான் பிரச்சினை" என்றேன். அவனுக்கு மேலும் குழப்பமாகிவிட்டது.

"நான்தான் எடுத்துட்டு வரச் சொன்னேன்" என்று சித்தப்பா சின்னம்மாவிடம் சொன்னார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ எடுத்துட்டு வந்தேன்னு எவங்கிட்டயும் மூச்சு விடாதே. நாளைக்குப் பொண்ணு குடுக்க வர்றவன், சட்டி தெரியாதவனுக்கா குடுக்கறதும்பான்" என்றார்.

நான்கு நாள் கழித்து வேலந்தாவளத்திலிருந்து ஆள் வந்தது. மாமா மாலையைக் கழற்றி, ஆற்றில் முழுகி, மறுபடி முதல் நாளிலிருந்து விரதம் தொடங்கியிருக்கிறார். காதுகுத்துக்கு வருவார். மடியில் உட்காரவைப்பார். சீர் செய்வார். ஆனால் சாப்பிட மாட்டார்.

சின்னம்மா கேட்டதும் அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். மாமன் சாப்பிடாமல் எழுந்தால் மாமன் வகையறா மொத்தமும் எழும். முன்னூறு பேருக்குப் போட்ட பந்தியில் பாதி இலை அப்படியே கிடக்கும். பிறந்த வீடு இனிமேல் இந்த வாசலில் சாப்பிடாது என்று ஊருக்கே சொன்னதுபோல. சித்தப்பாவுக்கு அது வேறு மாதிரி பட்டது. ஊரில் அவரைவிட நிலம் உள்ளவர்கள் உண்டு, பேச்சு உள்ளவர்கள் உண்டு. குப்பண்ணன் வீட்டில் சாப்பிட்டவன் குறை சொன்னதில்லை என்பது ஒன்றுதான் அவருடைய சொத்து. அது போய்விடும்.

"வாடா, போய்ப் பேசிட்டு வரலாம்" என்றார்.

வேலந்தாவளத்தில் அன்று சந்தை. பஸ்ஸில் மாடு கன்று தவிர மற்ற எல்லாம் எங்களோடு ஏறியிருந்தன. மாமா வீட்டு முன்வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வாங்க மாப்பிள்ளை என்றார். தண்ணீர் வந்தது. குடித்தோம். சித்தப்பா என்னைப் பார்த்துக் கண்ணால் வேண்டாம் என்றார். ஆனால் பஸ்ஸிலேயே நான் முடிவு செய்திருந்தேன்.

"மாமா, சட்டி எடுத்தது நான்."

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "பி.ஏ.தானே?"

"ஆமாங்க."

"என்ன பாடம்?"

"சரித்திரமுங்க."

"அதுல சட்டி வராதா?"

"வராதுங்க."

அவர் வாய் ஓரம் கொஞ்சம் அசைந்தது. உடனே சரியாக்கிக்கொண்டார். "இவன் சின்னப் பையன். இவனை என்ன சொல்றது. மாப்பிள்ளை, உங்க ஊட்டுல எந்த அடுப்புல எது வேகுதுன்னு உங்களுக்கே தெரியறதில்லே. கண்ட தேசத்துக்காரனும் உள்ளடுப்புல நிக்கறான். நான் எதை நம்பிச் சாப்பிடறது?"

"நீங்க கேக்கறது நாயமுங்க மச்சான்" என்றார் சித்தப்பா. "அதனால ஒண்ணு பண்ணிக்கலாம். ஊட்டுல வேண்டாம். குலதெய்வம் கோயில்லயே ஆக்குவோம். புது அடுப்பு, புதுச் சட்டி. குசவன் சூளையிலருந்து நேரா கோயிலுக்கு வரும். ஒவ்வொரு சட்டியும் நீங்க பாத்து, நீங்க சரின்னதும்தான் அடுப்புல ஏறும்."

"பாக்கறேன். பாத்துக் குடுக்கறேன். ஆனா சாப்பிட மாட்டேன்."

"அது உங்க இஷ்டமுங்க."

"அந்தப் பசங்க?"

"அவங்களும் வருவாங்க. விருந்தாளியை வேண்டாம்னு சொல்ல என்னால ஆகாதுங்க. தெஸ்ஃபாயேன்னு ஒருத்தன் இன்னும் ஆக்கவே இல்லே. அவனும் ஒரு சட்டி வெப்பான். அதையும் நீங்களே பாத்துக்கங்க."

திரும்பும்போது பஸ்ஸில் சித்தப்பா நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டே வந்தார். கொல்லங்கோடு வந்து இறங்கியதும், "அவங்க ஊட்டுத் தண்ணியில லேசா வெட்டிவேர் வாசம் அடிச்சுது, கவனிச்சியா?" என்றார்.

கார்த்திகை மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. விடியுமுன்பே மாமா கோயிலுக்கு வந்துவிட்டார். அடுப்புகளுக்கு நடுவே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு சட்டியையும் விரலால் தட்டுவார், திருப்பிப் பார்ப்பார், மோந்து பார்ப்பார், பிறகு தலையாட்டுவார். சமையல்காரர்கள் முணுமுணுத்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

ஏழு மணி பஸ்ஸில் பையன்கள் வந்தார்கள். தெஸ்ஃபாயே மடியில் ஒரு புது மண்பானையைக் குழந்தைபோல வைத்துக்கொண்டு கோயமுத்தூரிலிருந்தே வந்திருந்தான். உள்ளே மூன்று நாள் புளித்த கேழ்வரகு மாவு. அவன் ஊர்த் தானியம் இங்கே கிடைக்கவில்லை, கேழ்வரகுதான் அதற்குக் கிட்டத்தில் வருகிறது என்று கண்டுபிடித்திருந்தான். மாமா பானையைத் தட்டினார், மோந்தார், தலையாட்டினார்.

தெஸ்ஃபாயே நன்றி சொல்லிவிட்டு நகரவில்லை. குனிந்து மாமாவின் பக்கத்தில் இருந்த சட்டியை மோந்து பார்த்தான். அடுத்ததையும் பார்த்தான். எண்ணெய்த் தூக்கைத் திறந்து விரலில் தொட்டுப் பார்த்தான்.

"இவன் எதுக்குடா நான் பாத்த சட்டியை மறுபடி மோந்து பாக்கறான்?" என்றார் மாமா.

கேட்டேன். தெஸ்ஃபாயே சங்கடத்தோடு சொன்னான். அதைப் புரிந்துகொள்ள எனக்கே கொஞ்சம் நேரம் பிடித்தது.

"அவனும் விரதமாம் மாமா. வர்ற பண்டிகை வரைக்கும். கவுச்சி பட்ட சட்டியா இருக்குமோன்னு பாக்கறானாம்."

மாமா முக்காலியில் நிமிர்ந்தார். "அவனுமா? கறி கூடாதா?"

"கறி, முட்டை எதுவும் கூடாதாம்."

"அது நானுந்தான்."

"பாலும் கூடாதாம். தயிர், மோரு, நெய்யி எதுவும்."

மாமா கொஞ்ச நேரம் தெஸ்ஃபாயேவையே பார்த்தார். "நெய்யுமா?"

"நெய்யுந்தான்."

"எத்தன நாளைக்கு?"

"நாப்பத்திமூணு."

"அவ்வளவுதானா" என்று மாமா சாய்ந்து உட்கார்ந்தார்.

"இது மட்டுமில்லீங்க மாமா. அவங்க பெரிய பண்டிகைக்கு முன்னால அம்பத்தஞ்சு நாள் இன்னொண்ணு இருக்குதாம். அது போக வாரத்துல புதனும் வெள்ளியும், வருஷம் பூரா."

மாமா விரலை மடக்கினார். ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போனார். இரண்டு கையும் போதாமல் நிறுத்திக்கொண்டார். "வருஷத்துல பாதி நாள்டா" என்றார் மெல்ல. பிறகு திடீரென்று திரும்பி, அரிசிம்பருப்புச் சோற்றுச் சட்டிக்கு மேல் நெய்ச்சொம்பைச் சாய்த்துக்கொண்டிருந்த சமையல்காரரைப் பார்த்து, "யோவ், நில்லு, நில்லு. அதுல ஊத்தாதே. முதல்ல இந்தப் பையனுக்கு ஒரு சட்டி தனியா எடுத்து வை. நெய்யி கூடாது. மோர்க் கரண்டியை இந்தப் பக்கமே கொண்டு வராதே" என்றார்.

அதற்கப்புறம் அந்தக் கோயிலில் தெஸ்ஃபாயேவின் விரதத்துக்கு மாமாதான் காவல். அவனுக்குத் தன் முக்காலிக்குப் பக்கத்திலேயே அடுப்பு மூட்டிக் கொடுத்தார். தோசைக்கல்லைத் தானே கழுவினார். கல்லில் அவன் மாவை வட்டமாக ஊற்றி மூடி, திருப்பிப் போடாமல் எடுப்பதைப் பார்த்து, "ஒரு பக்கந்தான் வேகுமா? ஆப்பமாட்ட கண்ணு கண்ணா வருதே" என்று தமிழிலேயே அவனிடம் பேசினார். அவன் ஏதோ அவன் பாஷையில் பதில் சொன்னான். கடலைமாவை வறுத்து வெங்காயமும் மிளகாயும் சேர்த்து நல்லெண்ணெயில் குழம்பு காய்ச்சினான். நான் மொழிபெயர்க்கப் பக்கத்தில் போனேன். சித்தப்பா என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"கிட்டப் போகாதே. ரெண்டு பேரும் பேசிக்கட்டும்."

"ஒருத்தரு சொல்றது ஒருத்தருக்குப் புரியாதே சித்தப்பா."

"ரெண்டு பேருக்கும் சட்டி புரியும்" என்றார். அன்று காலையில் அவர் அடுப்புப் பக்கமே வரவில்லை. அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கடலைமாக் குழம்பு வாசம் வரும்போதெல்லாம் மூக்கை மட்டும் திருப்பினார்.

பையன் மாமன் மடியில் உட்கார்ந்தான். நகை செய்கிற பத்தர் காது குத்தினார். பையன் ஊரைக் கூட்டினான். சீர்த்தட்டு வந்தது. எல்லாம் முறையாக முடிந்தது. பந்திக்கு இலை போட்டார்கள்.

மாமா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் பக்கத்து ஆட்கள் இலைக்குப் போகலாமா, செருப்பைத் தேடலாமா என்று அவர் முகத்தைப் பார்த்து நின்றார்கள். சின்னம்மா கோயில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். சித்தப்பா கையில் சோற்றுக் கரண்டி இருந்தது. எந்த இலையிலும் பரிமாறாமல் அப்படியே நின்றார். போகாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்க இஷ்டம் என்று சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர் அவர்.

அப்போது தெஸ்ஃபாயே ஒரு தலைவாழை இலையில் அந்தக் கேழ்வரகு ஆப்பத்தை விரித்து, நடுவில் குழம்பை ஊற்றிக்கொண்டு வந்தான். ஓரத்தைக் கிள்ளி, குழம்பில் தோய்த்து, சுருட்டினான். தனக்கென்று நினைத்தோம். நேராக மாமாவிடம் போய், அந்த வாயை அவர் உதட்டுக்கு நேரே நீட்டினான். அவர்கள் ஊரில் மதிப்பான பெரியவருக்கு முதல் வாயைக் கையால் ஊட்டுவார்களாம். அது எங்களில் யாருக்கும் தெரியாது.

அறுபது வயசு மனுஷனுக்கு ஊரார் முன்னால் சோறு ஊட்ட ஒரு கை.

மாமா கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கை கழுவினானா?"

"மூணு தரம் கழுவினானுங்க."

மாமா வாயைத் திறந்தார்.

மென்றார். நிதானமாக மென்றார். "புளிப்பு சரியா இருக்குது" என்றார். இன்னும் கொஞ்சம் மென்றார். "உப்பு ஒரு கல்லு கம்மி."

அதோடு விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. ஒரு வாய் சாப்பிட்டார், போனார் என்று முடிந்திருக்கலாம். நான்தான் வாயைத் திறந்தேன். "மாமா, ஒருத்தரு ஊட்டினா அவங்களுக்குத் திருப்பி ஊட்டோணுமாம். இல்லேன்னா அவங்க ஊருல அது பெரிய மரியாதைக் குறைவாம்."

தெஸ்ஃபாயே அப்படி எதுவும் சொல்லவில்லை. நானாகச் சேர்த்தேன். சட்டியில் செய்த தவறுக்கு வார்த்தையில் ஈடு கட்டுவது சரியா என்று அந்த நேரத்தில் யோசிக்கவில்லை. பிறகு நிறைய யோசித்தேன். பிறகு ஒருநாள் தெஸ்ஃபாயேவிடமே கேட்டபோது, அந்த வழக்கமும் உண்டு என்றான். எனக்காகச் சொன்னானோ என்னவோ.

மாமா சுற்றுமுற்றும் பார்த்தார். ஊட்டுவதற்கு அவர் கையில் சோறு இல்லை. சோறு இலையில் இருந்தது. "நெய்யில்லாத சட்டி எங்க?" என்றார். துண்டை மடியில் போட்டுக்கொண்டு பந்தியில் முதல் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். தெஸ்ஃபாயேவைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தார். அரிசிம்பருப்பை உருட்டி அவன் வாயில் வைத்தார். அவன் கண்ணை மூடி மென்றான். செருப்புத் தேடப் போனவர்கள் திரும்பி வந்து இலைக்கு முன்னால் உட்கார ஆரம்பித்தார்கள்.

சித்தப்பா கரண்டியோடு வந்தார். மாமாவின் இலையில் பரிமாறினார். "போதுங்க மாப்பிள்ளை" என்று மாமா சொன்னபிறகும் இன்னொரு கரண்டி வைத்தார்.

கை கழுவிக்கொண்டிருந்தபோது மாமா என்னைக் கூப்பிட்டார். "அடுத்த சனிக்கிழமை இந்த மூணு பேரையும் எங்கூட்டுக்குக் கூட்டிட்டு வா. எங்கூட்டுக் கேவுரு இதைவிட நல்லா இருக்கும். அந்தத் தேங்காய்ப் பால் பையனையும்தான். சட்டி நான் எடுத்துத் தர்றேன், நீ தொடாதே." சித்தப்பா இரண்டடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரை மாமா கூப்பிடவில்லை.

அந்த வாரம் முழுக்கச் சித்தப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "குத்தகை நிலம் என்னுது, சோறு அங்கயா?" என்று சின்னம்மாவிடம் இரண்டுமுறை கேட்டார். "மூணு வாரமா நீங்க பட்ட பாட்டுக்கு எங்கண்ணன் அவங்களைத் தத்தெடுத்தாலும் சரிதான்" என்றார் சின்னம்மா.

சனிக்கிழமை காலை நான் பையன்களோடு பஸ்ஸுக்கு நின்றேன். காற்று பலமாக அடித்தது. கிழக்கு வயலில் குட்டை நெல் சாயாமல் நிற்கிறது என்று ரமோன் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். வரப்பில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு சித்தப்பா வந்தார். எங்களோடு பஸ்ஸில் ஏறினார்.

வேலந்தாவளத்தில் மாமா வாசலில் நின்றார். மூன்று பையன்களையும் வாங்க கண்ணு என்றார். என்னை வாடா என்றார். கடைசியாக வந்த சித்தப்பாவைப் பார்த்து, "ஏனுங்க மாப்பிள்ளை, உங்களை யாரும் கூப்பிட்ட மாதிரி தெரியலியே" என்றார்.

"இல்லீங்க" என்றார் சித்தப்பா, செருப்பைக் கழற்றிக்கொண்டே. "உள்ள என்னமோ வேகற வாசம் வருது. தேங்காய்ப் பாலை இன்னும் கொஞ்சம் பெறவு ஊத்தியிருக்கலாம். நகருங்க, பாக்கறேன்."